முகத்துவாரத்துக்கு ஒரு ரோபோ

கற்பனைக்கு ஒரு கழகம் வேண்டும் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அந்த ஒரு கற்பனையோடு அவர் நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. கடலோரக் கற்பனை வள மேம்பாட்டுக் கழகம் பொன்னேரியில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கி வந்தது. 'இயங்கி' என்பது கழகம் தன் ஆண்டறிக்கையில் பயன்படுத்திய சொல். ஓர் அலுவலகம் சும்மா இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அதற்கு வேலை வந்துவிட்டால்தான் கஷ்டம். கழகத்துக்கு வேலை வந்தது, அது கரைமேட்டுக் குப்பத்து இளவழகன் தலையில் விடிந்தது.

லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன முகத்துவாரம் உண்டு. அந்த வாய் திறந்திருந்தால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வரும், கூடவே இறால் வரும், ஏரிக்கரையில் கட்டிய படகுகள் கடலுக்குப் போகும். மூடிவிட்டால் ஒன்றும் கிடையாது. போன கோடைக்கு முந்தைய கோடையில் மணல் தள்ளி அடைத்தது, அடைத்ததுதான். இளவழகனின் ஃபைபர் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாகப் போய்ச் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு தடவை கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

"இந்த மழைக்கும் வாய் தொறக்கலன்னா போட்டை வித்துடு. மீஞ்சூர்லயே வாடகைக்கு வூடு பாரு. ஒரு குடும்பத்த ரெண்டு ஊர்ல வெச்சி நடத்த என்னால ஆவாது" என்று அவன் மனைவி செவ்வந்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல.

வாயைத் திறக்க ஒரே ஒரு பொக்லைன் வேண்டும் என்று ஊரே போய்க் கேட்டது. ஒரு துறை, மணல் எங்களுடையது தண்ணீர் அவர்களுடையது என்றது. இன்னொரு துறை, தண்ணீர் எங்களுடையது, அதன் மேல் உட்காரும் பறவை அவர்களுடையது என்றது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். சிலர் டீ கூட வாங்கிக்கொடுத்தார்கள்.

ஊருக்கு வரும் நாட்களில் பொழுது போகாமல் வலைக் கொட்டகையில் இளவழகன் ஒரு விளையாட்டை ஆரம்பித்திருந்தான். கம்பெனி அறையில் கூடத் தங்கியிருந்த மெட்ராஸ் பையன் ஒருவனிடம் பழகியது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் கதை சொல்லுவான், மற்றவர்கள் தங்கள் வேஷத்துக்கு ஏற்றபடி இதைச் செய்கிறேன் அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பட்டணத்தில் இதை மேசையில் விளையாடுவார்கள், இவர்கள் தார்ப்பாயில் விளையாடினார்கள். அந்தப் பையனுடைய கதையில் டிராகன், கோட்டை என்று என்னென்னவோ இருந்தன. இளவழகன் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 'ஏரிநாடு' என்று ஒரு நாட்டைக் கட்டினான். அங்கே பூநாரைகள் பேசும். கெளுத்தி மீனுக்கு மந்திரம் தெரியும். வருஷா வருஷம் மணல் பூதம் வந்து முகத்துவாரத்தை விழுங்கும், வீரர்கள் முறை வைத்துப் போய் அதன் வயிற்றைக் கிழிப்பார்கள். நிஜத்தில் திறக்காத வாயை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை திறந்துவிட்டுப் போவது ஆண்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதை எவனோ செல்போனில் படம் பிடித்துப் போட்டான். பத்தே நாளில் ஜீப் வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கழகத்தின் உறுப்பினர்-செயலர் சிவசங்கர். நல்ல மனிதர். யாரையும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். தார்ப்பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஏரிநாட்டைப் பற்றி முழுதாகக் கேட்டார்.

"பிரமாதம் தம்பி. இதுல ரோபோ வருமா?"

"ரோபோவா? வராது சார். இது அந்தக் காலத்துக் கத."

"வரணும் தம்பி" என்றார் சிவசங்கர். கோபமாக அல்ல, பரிதாபமாக.

விஷயம் இதுதான். பூங்கா ஒன்றில் வைப்பதற்காகக் கழகம் 'கம்பீரமான, பராமரிப்புத் தேவைப்படாத காவல் உருவங்கள்' வேண்டும் என்று டெண்டர் விட்டது. அய்யனார் மாதிரி ஏதாவது வரும் என்பது நினைப்பு. வந்ததோ பிளாஸ்டிக் ரோபோ பொம்மைகள், ஒரு கிடங்கு நிறைய. முழ உயரம்தான் இருந்தாலும் பெட்டியில் 'மாபெரும் ரோபோ' என்று போட்டிருந்தது. இவற்றை எதற்கு வாங்கினீர்கள் என்று தணிக்கையில் கேட்டிருக்கிறார்கள். எதற்கு என்பதைத்தான் கழகம் இப்போது ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தது.

"உன் நாட்டுல ரோபோவுக்கு ஒரு நியாயம் பண்ணிக் குடு தம்பி. உங்க குப்பத்தைக் கற்பனைக் கிராமமா அறிவிச்சுடறோம். கற்பனைக் கிராமத்துக்குத் தள மேம்பாடு உண்டு. தள மேம்பாட்டுல பொக்லைன் வரும்."

பொக்லைன் என்ற சொல்லைக் கேட்டதும் இளவழகனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ஒரு நிஜ இயந்திரத்துக்காக ஆயிரம் பொய் இயந்திரத்துக்கு இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான். கம்பெனியில் லீவு போட்டுவிட்டுப் பொன்னேரிக்கு நடையாய் நடந்தான்.

கழகத்தில் இதற்கென்றே நியாயப்படுத்தும் குழு ஒன்று அமைத்தார்கள். அதன் உலக அமைப்பு ஆலோசகர் அம்பிகா மேடம். எந்த உலகத்தையும் அமைத்த அனுபவம் அவருக்கு இல்லை, ஆனால் எங்கே திருத்த வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ரோபோக்கள் ஏரிக்கு அடியில் தூங்குகின்றன, பூதம் வந்தால் எழுந்து வரும் என்று இளவழகன் முதலில் எழுதிக்கொண்டு போனான். குழுவுக்குப் பிடித்திருந்தது. பிறகு அம்பிகா மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஏரி பறவைகள் சரணாலயம் இல்லையா? இவ்வளவு பெரிய ரோபோ தண்ணிக்குள்ள நடந்தா பறவைகள் கலவரப்படும். வனத்துறை ஆட்சேபணை வரும்."

"மேடம், இது கதையில வர்ற ஏரி."

"கதையில வர்ற வனத்துறை இருக்கும்ல?"

எனவே ரோபோ கரையிலேயே நின்றது. அடுத்த கூட்டத்தில் அதன் கையிலிருந்த வாளைப் பிடுங்கினார்கள், ஆயுத உரிமம் இல்லையாம். வாள் போன கை வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்க, அது ஆசீர்வதிக்கும் கை என்று தீர்மானம் போட்டார்கள். ரோபோ எதனால் ஓடுகிறது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். மந்திரத்தால் என்றான் இளவழகன். மந்திரம் வேறு துறையின் வரம்பு, சூரிய சக்தி என்று போடுங்கள் என்றார் சிவசங்கர். ஏரியில் மழைத் தண்ணீர் நிறைந்து நிற்கும் போதுதான் வாயை வெட்டித் திறக்க முடியும், மழை மூட்டத்தில் சூரியனுக்கு எங்கே போவது என்று கேட்டான். அந்தக் கேள்வி நன்றாக இருப்பதாகச் சொல்லி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

கடைசியில் பூதத்துக்கு வந்தார்கள்.

"மணலை எதிரியா காட்ட வேண்டாம் தம்பி. மணல் சம்பந்தப்பட்ட பெரிய மனுஷங்க சில பேர் இருக்காங்க, மனசு கஷ்டப்படுவாங்க" என்றார் சிவசங்கர். மணல் பூதம் மணல் நண்பர் ஆனது.

இப்படியாக ஏரிநாட்டில் ரோபோ கரையில் நின்று மணல் நண்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நண்பரும் ரோபோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் வீரர்கள் என்னதான் செய்வார்கள் என்று இளவழகன் கேட்டான். ரோபோவிடம் விண்ணப்பம் கொடுப்பார்கள் என்றார் அம்பிகா மேடம். பகடையில் ஆறு விழுந்தால் விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டது, ஒன்று விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

"சார், அது ஒண்ணியுமே செய்யலியே. நின்னுகினேதான கீது" என்றான் இளவழகன். அலுப்பில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

சிவசங்கர் முகத்தில் முதன்முதலாக ஓர் உருக்கம் தெரிந்தது. "நிக்கறதை லேசா சொல்லாத தம்பி. எதையும் செய்யாம ஒரு இடத்துல நிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? செஞ்சா தப்பு வரும், தப்பு வந்தா விளக்கம் கேப்பாங்க. முப்பது வருஷம் சர்வீஸ்ல ஒரு விளக்கம் எழுதினது கிடையாது நான். அந்த ரோபோவைப் பாத்தா எனக்குப் பெருமையா இருக்கு."

'ரோபோ நிற்கும்' என்று குழு குறிப்பில் எழுதிக்கொண்டது.

மழை முந்திக்கொண்டு வந்தது. ஏரி நிறைந்தது. ஊரில் எல்லோர் கண்ணும் வரப்போகும் அமாவாசை மேல் இருந்தது. அமாவாசையன்று கடல் வற்றும் நேரம் பார்த்து மணலில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால், ஏரித் தண்ணீரே தன் கனத்தில் அதைப் பிளந்து அகலமாக்கிக்கொள்ளும். தவறவிட்டால் ஏரி வேறு பக்கமாக வடிந்துவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். கழகமோ அமாவாசைக்கு முந்தின நாள் தொடக்க விழாவுக்குத் தேதி குறித்தது. விழா முடிந்த கையோடு பொக்லைன் என்றார்கள்.

விழாவில் மரபுத் தன்மை வேண்டும் என்று அம்பிகா மேடம் ஆசைப்பட்டார். இங்கேதான் இளவழகன் சறுக்கினான். அந்தக் கரை ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. சீட்டில் பெயர் வந்தவன் முதலில் இறங்காமல் வேறொருவன் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. வைத்தால் ஊரோடு பேச்சுவார்த்தை இல்லை. விளையாட்டிலும் வீரர்களை இளவழகன் அப்படித்தான் தேர்ந்தெடுப்பான், ஆனால் கொட்டகையில், ஒரு தகர டப்பாவில். மேடம் கேட்டாரே என்று அவன் பாடுச் சீட்டுக் குலுக்கும் ஊர்ப் பானையையே எடுத்துவந்து கங்கையம்மன் கோயில் வாசலில் வைத்துவிட்டான். சீட்டுப் போடும் பொறுப்புள்ள சின்னதம்பியையும் வேட்டி கட்டிக் கூட்டிவந்து நிறுத்தினான்.

குலுக்கலில் வேறு பெயர் வந்து அவமானமாகிவிடக் கூடாது என்று கழகத்தார் எல்லாச் சீட்டிலும் சிவசங்கர் பெயரையே எழுதியிருந்தார்கள். சின்னதம்பி பானையைக் குலுக்கினார். ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

"முகத்துவாரம், பாடு சிவசங்கரு!" என்று வழக்கப்படி மூன்று தரம் கூவினார்.

சிவசங்கர் கும்பிட்டுவிட்டு ரோபோவைத் தூக்கிப் பிடித்தார். பகடையை உருட்டினார்கள், ஆறு விழுந்தது, ஏனென்றால் அந்தப் பகடையில் எல்லாப் பக்கமும் ஆறுதான். முகத்துவாரம் திறந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கழகத்தார் கை தட்டினார்கள். குப்பத்து ஜனம் தட்டவில்லை. ஆளை ஆள் பார்த்துக்கொண்டது.

"பொக்லைன் கேட்டீங்க" என்று முடிவுரையில் சொன்னார் சிவசங்கர். "பொக்லைனுக்கு ஒரு கைதான். ரோபோவுக்கு ரெண்டு கை. கேட்டதைவிட ரெண்டு மடங்கு குடுத்திருக்கோம்." ஜீப் போய்விட்டது.

பொக்லைன் வரவே இல்லை. செவ்வந்தி அவனைத் திட்டக்கூட இல்லை. "வுடு. காலைல எல்லாரும் மம்பட்டிய எடுத்துக்கினு போலாம். கையாலயே வெட்டலாம்" என்றாள்.

காலையில் ஊரே மணல் திட்டில் நின்றது. மம்பட்டி, பாண்டுச் சட்டி, அலுமினியத் தட்டு, கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் வெட்டவில்லை.

"இன்னா மாமா நிக்கிறீங்க?" என்றான் இளவழகன்.

"அவரு எப்ப வருவாரு?" என்றார் சின்னதம்பி.

"எவரு?"

"சிவசங்கரு. பாடு அவருது. அவரு எறங்காம நாங்க எப்பிடிக் கைய வெக்கிறது?"

"ஐயோ மாமா, அது வெளாட்டு!"

"கோயில் வாசல்ல போட்டமா இல்லியா? ஊர்ப் பானையா இல்லியா? அம்மன் பாக்க மூணு தபா கூவினேன். வெளாட்டுன்னா முன்னமே சொல்லணும்."

முன்னமே சொல்லவில்லைதான். இளவழகன் கடன் வாங்கிய பைக்கில் பொன்னேரிக்குப் பறந்தான். சிவசங்கர் விழா நன்றாக நடந்த களைப்பில் இருந்தார். விஷயத்தைச் சொன்னான். ஒரு தடவை வந்து காலை நனைத்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் மண்ணைத் தொட்டா கழகம் தொட்ட மாதிரி தம்பி. கழகம் தொட்டா அது கட்டுமானம். கட்டுமானம் பண்ண எங்களுக்கு அதிகாரம் இல்லையே. கற்பனை மட்டும்தான்."

"சார், தண்ணி வடிஞ்சிடும் சார். இன்னிக்கு வுட்டா அடுத்த வருசம்தான். என் போட்டு கவுந்தே கெடக்கு சார்."

சிவசங்கருக்கு மனசு தாங்கவில்லை. சொன்னேனே, நல்ல மனிதர். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு ரோபோவைப் பெட்டியோடு எடுத்துவந்தார். "எனக்குப் பதிலா இதை வெச்சுக்க. முழு அதிகாரத்தோட அனுப்பறேன்னு சொல்லு. பெட்டியை மட்டும் திருப்பிக் குடுத்துடு."

ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு பைக் ஓட்டிய அந்த வழி முழுக்க இளவழகனுக்கு வாழ்க்கை வெறுத்தது. மணல் திட்டில் கூட்டம் அதைச் சுற்றி உட்கார்ந்து பேசியது. பாடு விழுந்தவனுக்கு ஜுரம் வந்தால் தன் ஆளை அனுப்பலாம் என்று வழக்கம் உண்டு. இது ஆளா என்பதுதான் கேள்வி.

"இது அவரு ஆளுதானா?" என்றார் சின்னதம்பி.

"அவரு ஆபீசுதான் மாமா. அவரே எடுத்துக் குடுத்தாரு."

"வேல செய்யுமா?"

"செய்யாது."

"சம்பளம்?"

"கவர்மெண்டு வாங்குனது."

சின்னதம்பி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப அவங்க ஆளுதான். எறக்கு" என்றார்.

ரோபோவின் காலை ஏரித் தண்ணீரில் நனைத்து, வெட்டும் இடத்திலிருந்து தள்ளி மணல் மேட்டில் நட்டார்கள். அதன் ஆசீர்வாதக் கையில் ஒரு பிடி மண்ணை வைத்துத் தட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், மம்பட்டிகள் இறங்கின. பெண்கள் வரிசை நின்று தட்டுத் தட்டாக மணலைக் கைமாற்றினார்கள். மழை வலுத்தது, ஒருவரும் கரையேறவில்லை. வெட்ட வெட்ட ஓரம் சரிந்து விழுந்தது, சரிந்ததை மறுபடி வெட்டினார்கள். இளவழகன் உள்ளங்கை கிழிந்து பிடியெல்லாம் ரத்தம். செவ்வந்தி தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிவிட்டு, நிமிராதே, வெட்டு என்றாள். பொழுது சாயும் நேரத்தில் முதல் தண்ணீர் கணுக்காலுக்குக் குறுக்கே ஓடியது. பிறகு முழங்கால். பிறகு எல்லோரும் ஓ என்று கத்திக்கொண்டு இரண்டு பக்கமும் ஏறி ஓட, ஏரி தன் கனத்தைப் போட்டுத் திட்டைப் பிளந்துகொண்டு கடலுக்குள் போனது. இளவழகன் சத்தம் போட்டு அழுதான். அவனுக்கு அதில் வெட்கமே இல்லை.

ஜனம் கஞ்சிக்குப் போன பிறகு அவன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றான். பாடு முடிந்ததை, ஆளை அனுப்பிய பாடுக்காரனுக்குத் தெரிவிப்பதும் வழக்கம். மிச்சமிருந்த வெளிச்சத்தில் திறந்த வாயைச் செல்போனில் படம் எடுத்தான். முன்னால் ரோபோ நின்றது, பின்னால் தண்ணீர் ஓடியது, மனிதர் ஒருவரும் இல்லை. அதை அப்படியே சிவசங்கருக்கு அனுப்பினான்.

இறால் வந்தது. படகு நிமிர்ந்தது. மீஞ்சூர் கம்பெனிக்குப் போன் போட்டு, இனி வரமாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு அவன் நன்றாகத் தூங்கினான். அவன் அனுப்பிய படம் கழகத்தின் சுவரில் பெரிதாகத் தொங்குவதாகவும், தணிக்கையே வந்து பாராட்டிவிட்டுப் போனதாகவும், சிவசங்கருக்குப் பதவி உயர்வு என்றும் பிறகு கேள்விப்பட்டான். சிரித்துவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விட்டான்.

ஒரு மத்தியானம் வடக்கே தள்ளியிருக்கும் ஒரு குப்பத்திலிருந்து ஞானதாஸ் என்பவர் வந்தார். கூட நாலைந்து பேர். எல்லோர் முகத்திலும் நடந்த களைப்பு. ஞானதாஸ் கையில் ஓர் அட்டைப்பெட்டி. இளவழகன் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நீதான இளவழகன்? எங்க ஊர்க் கால்வா தூந்துபோயி வருசமாச்சு தம்பி. புள்ளைங்கள்லாம் கம்பெனிக்குப் பூடுச்சி. பொக்லைன் குடுங்கன்னு அலையா அலைஞ்சோம். உங்க ஊரு போட்டோவக் காட்டி, இது போதும்னு இத்தக் குடுத்து அனுப்பிட்டாங்க. கரையோரம் எல்லா ஊருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுக்கறாங்களாம்."

அவர் பெட்டியைப் பத்திரமாக மணலில் இறக்கிவைத்தார். ரோபோவை வெளியே எடுத்து, முதுகைத் திருப்பி, அடியில் பார்த்து, மறுபடி திருப்பினார். பட்டன் எதுவும் கிடைக்கவில்லை.

"ரெண்டு நாளா பாக்கறோம், தெர்ல. நீ ஓட்டினவனாச்சே. இத்த எப்பிடி தம்பி ஸ்டார்ட் பண்றது?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவழகன் வீட்டுப் பக்கம் திரும்பினான். வாசலில் செவ்வந்தி கையில் சோற்றுப் பானையோடு நின்றிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஞானதாஸ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே" என்றான். "உங்க ஊர்ல மம்பட்டி எத்தினி கீது?"